சேர்மனோட அண்ணன்

சேர்மன் வீட்டுக்கா? மேலக்கருவேலி சேர்மன் வீட்டுக்கா போறீக? உக்காருங்க தாயி, இப்படி ஜன்னலோரமா உக்காருங்க. அந்தப் பையைக் குடுங்க, என் காலுக்கு அங்கிட்டு வச்சுக்கிறேன். இந்தக் கால் மடங்காது, நீட்டித்தான் வைக்கணும், தப்பா நெனச்சுக்கிறாதீக. ஊரு வர இன்னும் நேரம் கெடக்கு. இந்த வண்டி எல்லா எடத்துலயும் நிப்பாட்டுவான்.

பேட்டியா? காலேசுல இருந்தா? நல்லது. நெறையப் பேரு வாராக. போன மாசங்கூட ஒரு ஆளு கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. மொதப் பொம்பளைச் சேர்மன், ரோடு போட்டுச்சு, தண்ணி கொண்டாந்துச்சுன்னு பேப்பர்ல பாதிப் பக்கத்துக்குப் போட்டாய்ங்க. எல்லாம் சரி. இம்புட்டுப் பேரு வந்து எழுதிக்கிட்டுப் போனாய்ங்களே, எங்கிட்ட ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டிருப்பானா? நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? வீரணன். சேர்மன் ஒச்சம்மாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன். நான் இல்லேன்னா அவ சேர்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதை எவனும் எழுத மாட்டாய்ங்க.

எங்க அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேந்துட்டாக. நான்தான் அவளை வளத்தேன். லோடு ஏத்தி, மூடை தூக்கி, அவளை வளத்தேன். கொத்தனாரு ஒருத்தனுக்கு நான்தான் கட்டிக் குடுத்தேன். பால்ச்சாமின்னு பேரு. நல்ல பய மாதிரித்தான் இருந்தான். ஒரு நாள் டீக்கடையில பேசிக்கிறாய்ங்க, பால்ச்சாமி பொண்டாட்டிய அறைஞ்சுட்டானாம்னு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. நேரா அவன் செவரு கட்டிக்கிட்டு இருந்த எடத்துக்குப் போனேன். என்னைப் பாத்ததும் "வாங்க மச்சான்"னு சிரிக்கிறான். வலது கையைப் பிடிச்சுச் செங்கல்லு மேல வச்சு, அவன் சுத்தியலாலயே அடிச்சேன். அஞ்சு வெரலும் சதைஞ்சு போச்சு. "இனிமே எந்தக் கையால அடிப்ப?"ன்னு கேட்டேன். அங்கன நின்ன சித்தாளு பொம்பளைக அலறுதுக.

வெரலு இல்லாதவனுக்குக் கொத்தனாரு வேலை யாரு குடுப்பா? திருப்பூர்ப் பக்கம் போனவன்தான், திரும்பி வரல. தங்கச்சிக்காகச் செஞ்சேன் தாயி. அவ என் கையைப் பிடிச்சு அழுதிருக்கணும்ல? வந்தா. வாசல்ல நின்னா. "நான் உங்கிட்டக் கேட்டனாண்ணே?"ன்னா. அம்புட்டுத்தான். போய்ட்டா. வயித்துப் பிள்ளை வேற அந்த வாரத்துல கலைஞ்சு போச்சு. அதுக்கும் எம்மேலதான் கோவம். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

எங்கூட வந்து இருன்னு கூப்பிட்டேன். வரல. ஆட்டு யாவாரத்துல எறங்கிட்டா. சந்தையில ஆட்டு வெலை எப்படிப் பேசுவாகன்னு தெரியுமா? வாயால பேச மாட்டாக. ரெண்டு பேரு கைக்கும் மேல துண்டைப் போட்டுக்கிட்டு, உள்ளுக்குள்ள வெரலைப் பிடிச்சுத்தான் பேசுவாக. பொம்பளை கையை எப்படிப் பிடிக்கிறதுன்னு ஆம்பளைக பூராம் கூச்சப்பட்டு ஒதுங்கி நிக்கிறாய்ங்க. இவ துண்டை உதறிக் கையில போட்டுக்கிட்டு, "வெரலைப் பிடிச்சா ஆட்டு வெலைதான்யா படியும், வேற ஒண்ணும் ஆகாது, வா"ங்குறா. சந்தையே சிரிச்சுச்சு. எனக்கு மானம் போச்சு. அவ கையைக் கொஞ்சம் கூடுதலாப் பிடிச்சுட்டான்னு ஒரு யாவாரிக்கு முன்பல்லு ரெண்டையும் நான் எறக்கி விட்டேன். அதுக்கும் அவ அதே கேள்விதான். "நான் கேட்டனா?"

சரி, இதெல்லாம் பழசு. உங்களுக்கு வேண்டியது தொண்ணூத்தாறாம் வருசம்.

அப்ப நான் ஊர்ல பெரிய ஆளு. பஸ் ஸ்டாண்டை ஒட்டி பிராந்திக்கடை வச்சிருந்தேன். அது பேரூராட்சி எடம்னு சொல்லுவாய்ங்க. எவன் எடமா இருந்தா என்ன? முள்ளு வெட்டி, பள்ளத்தை மண்ணைப் போட்டு நெரவுனவன் நான்ல? அந்த வருசந்தான் தேர்தல். சேர்மன் நாற்காலி எனக்குத்தான்னு ஊரே பேசிக்கிட்டு இருந்துச்சு. திடுக்குன்னு அறிவிச்சுட்டாய்ங்க, மேலக்கருவேலி பெண்களுக்குன்னு. நான் என்ன சேலையா கட்ட முடியும்?

எம் பொண்டாட்டி பெருமாயியை நிறுத்தலாம்னு பாத்தேன். அவளுக்கு ஒரு காது கேக்காது. பேச்சும் கொறைச்சல். நான் அடிச்சதுலதான் காது போச்சுன்னு ஊர்ல சில பேரு சொல்லுவாய்ங்க, நம்பாதீக. சில பேருக்கு அப்படித்தான், போகப் போக கேக்காமப் போயிரும். அதான் தங்கச்சியை நிறுத்துனேன். கையெழுத்துப் போடுவா, நாலு பேருகிட்டப் பேசுவா. மத்ததை நான் பாத்துக்கிருவேன்.

எதுத்து நிக்கிறேன்னு முத்துப்பேச்சின்னு ஒருத்தி கெளம்புனா. கெழக்குத் தெருக்காரி. புருசன் கெடையாது, நாக்கு மட்டும் ஒரு மொழம். வேணாம்னு சொல்லி விட்டேன். கேக்கல. அவ வைக்கப்படப்பு பத்திக்கிருச்சு. வைக்கல்தான, பத்திக்கிரும். மழைக்காலந்தான், இருந்தாலும் பத்திக்கிருச்சு. கன்னுக்குட்டி ஒண்ணு கட்டிக் கெடந்துச்சு, அதுவும் சேந்து வெந்து போச்சு. பட்டப்பகல்ல ஊரே நின்னு பாத்துச்சு, ஒருத்தன் தண்ணி ஊத்தல. முத்துப்பேச்சி கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தா. வேலை முடிஞ்சதுன்னு நான் வெள்ளைச் சட்டை தச்சுப் போட்டுக்கிட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன், அவ மனுத் தாக்கல் பண்ண வாரா தாயி. யாரு கூட்டிக்கிட்டு வாரா தெரியுமா? எந்தங்கச்சி! கையைப் பிடிச்சு, தெரு வழியா நடத்திக் கூட்டிக்கிட்டு வாரா.

"என்னடி செய்யுற, கோட்டியா பிடிச்சிருக்கு?"ன்னேன்.

"நாலு பேரு நின்னாத்தாண்ணே அதுக்குப் பேரு தேர்தல். வழிய விடு."

எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காய்ங்க. போலீசு நிக்கிது. வழிய விட்டுட்டேன். அதுக்குப் பெறகு அவ ஜெயிச்சா. முத்துப்பேச்சியைக் கூட்டிக்கிட்டு வந்ததைப் பாத்துத்தான் பொம்பளைக எல்லாம் அவளுக்குக் குத்துச்சுகன்னு சொல்லுவாய்ங்க. அது பொய். எம்மேல இருந்த பயத்துலதான் ஊரு குத்துச்சு. வார்டுக்கும் சேத்து மனுப் போட்டிருந்த அந்த முத்துப்பேச்சி, சேர்மனுக்குத் தோத்தாலும் கெழக்குத் தெரு வார்டு கவுன்சிலரா வந்துட்டா, அது தனி வயித்தெரிச்சல்.

மொதக் கூட்டத்துக்கு நான் முன்னாடியே போய்ட்டேன். சேர்மன் நாற்காலி, பச்சைத் துணி போத்தின மேசை. உக்காந்து பாத்தேன். நல்லா இருந்துச்சு. கவுன்சிலருக எல்லாம் வந்து கும்பிட்டுட்டு உக்காந்தாய்ங்க. ஆபீசுல அரசாங்கம் போட்ட அதிகாரி, ஈஓ, அவரும் பேனாவைத் தொறந்து மூடிக்கிட்டு இருந்தாரு. ஒச்சம்மா வந்தா. நான் பக்கத்துல ஒரு ஸ்டூலைக் காமிச்சேன்.

"அண்ணே, எந்திரி."

"உக்காரு ஆத்தா. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

நாற்காலியைப் பாத்தா, என்னையப் பாத்தா. சண்டை போடுவா, அழுவான்னு நெனச்சேன். மேசைக்கு அந்தப் பக்கம் போயி நின்னுக்கிட்டு, "கூட்டம் ஆரம்பிக்குது"ன்னா. நின்னுக்கிட்டே நடத்துனா தாயி! பெறகு அந்த முத்துப்பேச்சி எந்திரிச்சு நின்னா. கொஞ்ச நேரத்துல இன்னொரு பொம்பளைக் கவுன்சிலரு. பெறகு ஒரு வயசான ஆளு. ஈஓவும் எந்திரிச்சுட்டாரு. நான் ஒருத்தன் மட்டும் உக்காந்துக்கிட்டு இருக்கேன், மொத்தப் பேரும் நிக்கிறாக. எனக்கு மரியாதை குடுத்து நிக்கிறாகன்னுதான் நான் நெனச்சேன். வெளிய வந்து பாத்தா ஜன்னல் வழியாப் பாத்தவன் எல்லாம் சிரிக்கிறாய்ங்க. ஒருத்தன் சிரிப்பை அங்கனயே நிறுத்துனேன். வாயைப் பொத்திக்கிட்டு ஓடுனான், ரத்தம் வெரலு வழியா ஒழுகுது. அடுத்த கூட்டத்துக்கு நானாத்தான் போகல. எனக்கு வேலை இருந்துச்சு.

எலே, அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில வைய்யா, வழியில நிக்கிதுல்ல? ஆங்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? அப்ப எங்க ஊர்ல பொம்பளைகளுக்கு வெளிக்குப் போகக் கண்மாய்க்கரை முள்ளுக்காடுதான். இருட்டுனதுக்கப்பறம்தான் போவாக, இல்லாட்டி விடியுறதுக்குள்ள. கடையில வாங்குறவனுகளும் அங்கனதான் போயி உக்காந்து குடிப்பாய்ங்க. காத்தாடக் குடிக்கணும்ல? பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற ராமுத்தாய், சின்னப் பொண்ணு, ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போயிருக்கு. எம் மச்சினன் காட்டுராசாவும் இன்னொருத்தனும் அங்கன இருந்திருக்காய்ங்க. கையைப் பிடிச்சு இழுத்திருக்காய்ங்க. அது முள்ளுக்குள்ள விழுந்து எந்திரிச்சு, முகமெல்லாம் கிழிஞ்சு, ஒரு கண்ணுல முள்ளு ஏறி, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியாந்துச்சு. கண்ணு போச்சு. கடையில சரக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டு நானும் பாத்தேன். அது ஓடியாந்தப்ப பஸ்சுக்கு நின்ன சனம் அம்புட்டும் தலையைக் குனிஞ்சுக்கிருச்சு.

மறுநா காலையில ஒச்சம்மா வந்தா. காட்டுராசா டீ குடிச்சுக்கிட்டு இருக்கான். ஆடு ஓட்டுற கம்பு, அதாலயே அடிச்சா. மொத அடி காதோட. டீக் கிளாஸ் ஒடைஞ்சு வாயெல்லாம் கண்ணாடி. ரெண்டாவது முட்டியில. ஆம்பளை தாயி, ஆறடி ஆளு, தரையில உருண்டு "சேர்மன், சேர்மன்"னு கத்துறான். இழுத்துக் கொண்டு போயி லைட்டுக் கம்பத்துல ஆட்டுக் கயித்தால கட்டுனா. "ராமுத்தாயைக் கூப்பிடுங்க"ன்னா. அந்தப் பிள்ளை கண்ணுல கட்டோட வந்துச்சு. கம்பை அது கையில குடுத்தா. அது வாங்கல. அழுதுச்சு. ஒச்சம்மா அந்தக் கம்பையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. பெறகு அதைத் தூரப் போட்டுட்டு, "நானும் எங்க அண்ணன் மாதிரியே ஆகிப் போனேன்"ன்னு சொன்னா. சத்தமாத்தான் சொன்னா, எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. என் ரத்தம்ல?

ஆனா மச்சினனை விட்டுக் குடுக்க முடியுமா? கட்டை அவுத்து விட்டேன். ஒச்சம்மா தடுக்கல. "அவுத்து விடு. ஆனா உன் கடை இருக்குற எடத்துல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டப் போறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடுவுல, வெளிச்சத்துல. இனி ஒருத்தியும் முள்ளுக்காட்டுக்குப் போக மாட்டா"ன்னா.

வெறும் வாயிப் பேச்சுன்னு நெனச்சேன். தீர்மானம் போட்டுட்டா. முத்துப்பேச்சி கை தூக்கியிருக்கா, மத்தவளுக எல்லாம் தூக்கியிருக்காளுக, ஆம்பளைகள்ல பாதிப் பேரு. நோட்டீஸ் கொண்டாந்த பியூனை அதைத் திங்க வச்சேன். ஆமா, வாயில திணிச்சு, தண்ணி ஊத்தி, மெல்லச் சொன்னேன். கட்டடம் கட்டுறேன்னு ஒரு காண்ட்ராக்டர் எடம் பாக்க வந்தான், மண்டையில பதினெட்டுத் தையல் போட்டு அனுப்பினேன். அதுக்கப்பறம் ஒருத்தனும் வரல. புல்டோசருக்குச் சொல்லி விட்டா, டிரைவர் பாதி வழியில எறங்கி ஓடிப் போனான். சரி, இவ அடங்கிட்டான்னு இருந்தேன்.

வீட்டுக்குப் போயிப் பேசியும் பாத்தேன் தாயி. அது எவனுக்கும் தெரியாது. அண்ணங்காரன், எறங்கிப் போனேன். ஆட்டுக்குக் கொழை கட்டிக்கிட்டு இருந்தா.

"வேற எடமா இல்ல ஊர்ல? கண்மாய்க்கரையில கட்டு. நானே ஆள் விட்டுக் கட்டித் தாரேன்."

"அங்கன இருட்டுண்ணே."

"லைட்டுப் போட்டுத் தாரேன்."

"நீ போட்ட லைட்டுக்குக் கீழ எவளாவது உக்காருவாளாண்ணே?"

என்ன வார்த்தை பாத்தீகளா? நான் அவளுக்குக் கொலுசு வாங்கிப் போட்டவன்.

"என் கடையில கை வச்சா, தங்கச்சின்னு பாக்க மாட்டேன்"னு சொன்னேன்.

"நீ என்னையத் தங்கச்சின்னு பாத்ததெல்லாம் போதும்ணே"ன்னா. கொழையைக் கட்டி முடிச்சுட்டு உள்ள போய்ட்டா.

சந்தை நாள். ஊரு நெறஞ்ச சனம். கெழக்குத் தெருவுல இருந்து பொம்பளைக வாராளுக. முன்னாடி ஒச்சம்மா, தோள்ல கடப்பாரை. பின்னாடி முத்துப்பேச்சி, பொம்பளைக் கவுன்சிலரு, ராமுத்தாய் ஒத்தக் கண்ணோட. ஒருத்தி கையில மம்பட்டி, ஒருத்தி கையில ஒலக்கை, கருக்கருவா. அந்தக் கூட்டத்துல எம் பொண்டாட்டி பெருமாயியும் இருக்கா தாயி. கையில ஒண்ணும் இல்ல, சும்மா வாரா. அவளைப் பாத்ததும்தான் எனக்குக் கண்ணு இருட்டிருச்சு.

ஒச்சம்மா கடை வாசல்ல நின்னு, "உள்ள இருக்குறவக எல்லாம் வெளிய வந்துருங்க, செவரு எறங்கப் போகுது"ன்னா. குடிச்சுக்கிட்டு இருந்தவன் எல்லாம் பாட்டிலோட வெளிய ஓடியாந்தாய்ங்க. அவ சேலையை எடுத்துச் சொருகிக்கிட்டு, பக்கச் செவத்துல கடப்பாரையை எறக்குனா. பச்சைச் செங்கல்லு, மண்ணுல கட்டுனது, ஒரே குத்துல ஓட்டை விழுந்துச்சு. நான் கல்லாவுக்கு அடியில இருந்து அருவாளை எடுத்தேன்.

"ஒச்சம்மா, வெலகிரு. சொல்லிட்டேன்."

திரும்பிப் பாத்தா. அருவாளைப் பாத்தா. "வெட்டுறதுன்னா வெட்டுண்ணே. செவரு நிக்காது"ன்னா. திரும்பிக் கடப்பாரையை ஓங்குறா.

இங்கனதான் நீங்க கவனமாக் கேக்கணும். கேஸ்ல எல்லாம் மாத்தி எழுதிட்டாய்ங்க. காட்டுராசா எனக்குப் பின்னாடி வந்துட்டான், அவன் கையிலயும் அருவா. அவன் ஒச்சம்மா கழுத்துக்குத்தான் பாத்தான், எனக்குத் தெரியும். நான் கடப்பாரையைத்தான் வெட்டுனேன். கடப்பாரையைத் தட்டி விடலாம்னுதான். கடப்பாரையைப் பிடிச்சிருந்த கை அங்கன இருந்துச்சு, அம்புட்டுத்தான். வலது கை, மணிக்கட்டுக்கு மேல. ஒரே வெட்டு. கடப்பாரை செவத்துலயே குத்தி நிக்கிது, அந்தக் கை அதைப் பிடிச்ச மாதிரியே ஒரு நொடி நின்னு, பெறகு கீழ விழுந்துச்சு. நான் மட்டும் முந்திக்கிரலைன்னா காட்டுராசா கழுத்தை எடுத்திருப்பான். நான்தான் அவ உயிரைக் காப்பாத்துனேன். இதைச் சொன்னா வக்கீலே சிரிக்கிறாரு.

அவ கத்தல. கைய நெஞ்சோட அமுக்கிக்கிட்டு அப்படியே செவத்துல சாஞ்சு உக்காந்தா. ரத்தம் மடியில ஊத்துது. முத்துப்பேச்சி தன் சேலையைக் கிழிச்சு இறுக்கிக் கட்டுறா. ஒச்சம்மா அவகிட்ட என்ன சொன்னா தெரியுமா? "நீ ஏன் நிப்பாட்டிட்ட, செவத்தை எறக்கு"ன்னா.

அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு முழுசாத் தெரியாது. காட்டுராசா ஓடிட்டான், ஓடுன பய இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல. பொம்பளைக எம்மேல விழுந்தாளுக. ஒலக்கை. மம்பட்டிக் காம்பு. செங்கல்லு. இந்தக் கால் முட்டி மூணு துண்டு. விலா எலும்பு ஒடைஞ்ச சத்தம் என் காதுக்கே கேட்டுச்சு. கண்ணைத் தொறந்து பாத்தா எம் பொண்டாட்டி எனக்கு நேரா நிக்கிறா. அவ கையில இப்ப அந்தக் கடப்பாரை. என் தலைக்கு மேல ஓங்கிப் பிடிச்சிருக்கா. என் கதை முடிஞ்சுச்சுன்னு கண்ணை மூடிட்டேன். "பெருமாயி, வேணாம்"னு ஒரு சத்தம். ஒச்சம்மா சத்தம், ஈனசுரத்துல. பெருமாயிக்குக் கேக்காத காதுப் பக்கந்தான் ஒச்சம்மா கெடந்தா, இருந்தாலும் எப்படியோ கேட்டிருக்கு. கடப்பாரையைத் திருப்பிச் செவத்துல எறக்குனா. என்னையப் போலீஸ் வேன்ல தூக்கிப் போடுறப்போ கடைக் கூரை மொத்தமா உக்காந்துச்சு. பாட்டில் எல்லாம் ஒடைஞ்சு பிராந்தி ரோட்டுல ஆறா ஓடுச்சு. ஒரு ஆம்பளை அதை அள்ளக் குனியல, பாத்துக்கோங்க, அம்புட்டுப் பயம்.

கேஸ் நடந்துச்சு. சொந்தக்காரக எல்லாம் அவகிட்டப் போயிப் பேசுனாக. கூடப் பொறந்தவன், செவரு சரிஞ்சு விழுந்து கை நசுங்கிருச்சுன்னு சொல்லிரு, ரெண்டு குடும்பமும் சேந்துக்கிரலாம்னு. அவ எல்லாருக்கும் காப்பி குடுத்து அனுப்பிட்டா. கூண்டுல ஏறி நின்னா. கை இருந்த எடத்தை முந்தானையில மூடல, எல்லாரும் பாக்கட்டும்னு வெளிய வச்சிருந்தா. "யாரு வெட்டுனது?"ன்னு கேட்டாக. "எங்க அண்ணன் வீரணன்"ன்னு என் மூஞ்சிக்கு நேரா கை நீட்டுனா. நீட்டுறதுக்கு வெரலு இல்ல, இருந்தாலும் நீட்டுனா.

என் வக்கீல் ஒரு வழி வச்சிருந்தாரு. குடிபோதையில செஞ்சதுன்னு சொன்னா தண்டனை கொறையும்னு. பிராந்திக்கடைக்காரன், எல்லாரும் நம்புவாகல்ல? அதை அவகிட்டயே கேட்டாரு. "உங்க அண்ணன் அன்னைக்குக் குடிச்சிருந்தாரா, இல்லையா?"

ஒச்சம்மா என்னையப் பாத்தா. "எங்க அண்ணன் குடிக்க மாட்டாருங்கய்யா. ஒரு நாளும் குடிச்சதில்ல. எதைச் செஞ்சாலும் தெளிவாத்தான் செய்வாரு"ன்னா.

வக்கீல் தலையில கை வச்சுட்டாரு. ஆனா எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல் தாயி. அண்ணன் ஒழுக்கமானவன்னு கோர்ட்டுல, அம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொன்னா பாத்தீகளா? அவளுக்கு எம்மேல மரியாதை இருந்துச்சு.

நான் ஜெயில்ல கெடந்தப்ப அவ அந்தக் கக்கூஸைக் கட்டிட்டா. சேர்மன் நாற்காலியில உக்காந்துக்கிட்டு எடது கையால கையெழுத்துப் போடப் பழகிட்டாளாம். ரோடு போட்டா, பஸ் ஸ்டாண்டைப் பெரிசாக்குனா, வீட்டுக்கு வீடு தண்ணிக் குழாய் கொண்டாந்தா, மறுதடவையும் நின்னு ஜெயிச்சா. மிரட்ட வந்தவன் எல்லாம், அந்தக் கையைப் பாத்துட்டுப் பேசாமத் திரும்பிப் போயிருவானாம். இதுக்கு மேல என்ன பண்ணிர முடியும்னு. அப்ப அவளுக்குப் பாதுகாப்புக் குடுத்தது யாரு? யோசிச்சுப் பாருங்க.

அந்தா தெரியுதுல்ல, தண்ணித் தொட்டி, அதுக்குக் கீழதான் ஊரு. நீங்க எறங்குறதுக்குத் தயாராகிக்கோங்க. நான் எறங்கல. நான் அடுத்த ஊர்ல தேங்கா குடோன்ல காவலுக்கு இருக்கேன். இந்த ஊர்ல நான் எறங்குறதில்ல. ஏன் எறங்குறதில்லன்னு அதையும் கேட்டுட்டுப் போயிருங்க, அதுதான் உங்க பேட்டியில வரணும்.

ஜெயில்ல இருந்து விட்டதும் இந்த ஊருக்குத்தான் வந்தேன். வேற எங்க போக? கம்பை ஊனிக்கிட்டு பஸ்ல இருந்து எறங்குறேன், ஒருத்தனும் வான்னு கேக்கல. தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காமத்தான் போனேன் தாயி, அவ கோர்ட்டுல சொன்னதை எல்லாம் மன்னிச்சுட்டுத்தான் போனேன். வாசல்ல நாலஞ்சு பேரு மனுவோட நிக்கிறாய்ங்க. ஒச்சம்மா என்னையப் பாத்தா. முடி நரைச்சுப் போச்சு அவளுக்கு. கையில இருந்த மனுவைக் கீழ வச்சா. பெறகு, "சாப்பிட்டியாண்ணே?"ன்னா.

"இல்ல"ன்னேன்.

"வா, உக்காரு"ன்னா.

உள்ள போனா பெருமாயி அடுப்படி நெலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் ஜெயிலுக்குப் போனதுல இருந்து அவ அங்கனதான் இருக்காளாம். என்னையப் பாத்தா, அசையல. எலை போட்டாக. தண்ணி வச்சாக. பசி தாயி, கண்ணு சொருகுது. ஒச்சம்மா சோத்துச் சட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, அந்த மொட்டைக் கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, எடது கையால சோறு போடுறா. எடது கையால!

"என்னடி, பீச்சாங்கையால போடுற?"ன்னேன்.

அவ கரண்டியைப் பிடிச்சபடியே நின்னா. "இந்தக் கைதாண்ணே இருக்கு"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எலையைத் தள்ளி விட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அன்னைக்கு வந்தவன்தான், அந்த வாசப்படியை இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல.

இந்தாங்க உங்க பை. பாத்து எறங்குங்க, படி வழுக்கும். நீங்க படிச்சவக, நீங்களே சொல்லுங்க தாயி. பெருமாயி அங்கனதான நின்னா? அவளுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு? அவளைப் போடச் சொல்லியிருக்கலாம்ல? கூடப் பொறந்த அண்ணன், ஜெயில்ல இருந்து பசியோட வந்திருக்கான், அவனுக்கு எடது கையால சோறு போடுறது முறையா?